இரண்டாவது மச்சத்தின் படம்

அன்புள்ள சின்னவளுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. தொலைபேசியில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினாலும் சுற்றி வளைப்பேன் என்பதால், சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன்.

1. உன் அம்மாவின் உடல்நிலை.
2. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த படங்கள்.
3. அதில் என் பங்கு.
4. நீ இப்போது வர வேண்டியதில்லை; உன் அம்மாவின் விருப்பமும் அதுவே.

முதலாவது. அம்மாவுக்குக் கால் வலி என்று போன மாதம் எழுதியிருந்தேன். அது வெறும் கால் வலி அல்ல. இடது உள்ளங்காலில் இருந்த மச்சம் தோல் புற்றுநோய். தொடை இடுக்கில் கட்டியாகி, இப்போது நுரையீரலுக்கும் போய்விட்டது. எத்தனை நாள் என்று டாக்டரைக் கேட்டேன். மாதக் கணக்கில் அவர் சொல்லவில்லை, வாரக் கணக்கில்தான் சொன்னார். நேற்று என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாவது. நான் வேலை பார்க்கும் தோல் மருத்துவமனையில், கத்தி வைக்காமலே தோலுக்கு அடியில் படம் எடுக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. பில் சரிபார்ப்பவன் என்பதால் அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது பில்லில் வரும் இரண்டு வரிதான். படம் எடுக்க ஒரு வரி. டாக்டர் அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுத இன்னொரு வரி. ஒவ்வொரு மச்சத்துக்கும் தனித்தனி. ரிப்போர்ட் வரி பில்லில் ஏறினால்தான் படம் டாக்டரின் கணினிக்குப் போகும். இல்லாவிட்டால் இயந்திரத்திலேயே கிடக்கும்.

ஆறு மாதத்துக்கு முன் உன் அம்மா கழுத்து மச்சம் ஒன்றைக் காட்ட அங்கே வந்தாள். டாக்டர் சீட்டில் எழுதியது அதை மட்டும். உன் அம்மா படம் எடுக்கும் பெண்ணிடம், "கால்லயும் ஒண்ணு இருக்கும்மா, இவ்வளவு தூரம் வந்துட்டேன், அதையும் ஒரு பார்வை பாத்துடு" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணும் நல்ல மனத்தோடு எடுத்துவிட்டாள். பில் என் மேசைக்கு வந்தது.

மூன்றாவது. சீட்டில் இல்லாத மச்சத்துக்குப் பில் போட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் அனுப்ப மாட்டார்கள். டாக்டரின் அறை என் மேசையிலிருந்து இருபது அடி. பாதி தூரம் போனேன். முந்தின வாரம் என் பக்கத்து வீட்டுக்காரருக்காக இதே போல் கேட்கப் போனபோது, மேலாளர் எல்லார் முன்னாலும், "என்ன பெரியவரே, ஆஸ்பத்திரியை உங்க தெருவுக்கே எழுதி வெச்சுட்டீங்களா?" என்று கேட்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, கால் மச்சத்தின் இரண்டு வரிகளையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தேன்.

கழுத்து ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ரெண்டும் சரியா இருக்கா அண்ணா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கும்மா" என்றேன்.

மறுநாளே டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் மேலாளர் டாக்டரின் அறையில் இருந்தார். அதற்கடுத்த நாள் டாக்டர் விடுப்பு. ஒரு வாரம் போனதும், நான் அவளிடம் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன். அந்தக் காலாண்டில் இன்சூரன்ஸிலிருந்து திரும்பி வந்த பில் ஒன்றுகூட இல்லை. கூட்டத்தில் மேலாளர் எனக்காகக் கைதட்டச் சொன்னார். எழுந்து நின்றேன்.

போன மாதம் உன் அம்மா நொண்ட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் படத்தைத் திறந்தார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "அன்னிக்கே தெளிவா தெரியுதே, ஏன் எங்கிட்ட வரல?" என்றார். பில்லைக் காட்டினேன். நான் அடித்திருந்த கோட்டைப் பார்த்தார். அதன் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணன் அங்க இருக்கப் போய்தான் என்னை இப்படிக் கவனிக்கறாங்க" என்கிறாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான்காவது. நீ வேலையில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இப்போது விடுப்புக் கேட்டால் வேலைக்கே ஆபத்து. உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அம்மாவும் சொல்கிறாள்.

எழுதியதை முதலிலிருந்து ஒரு முறை படித்துப் பார்த்தேன். நான்காவது தவறு. அவள் அப்படிச் சொல்லவே இல்லை. தினமும் கண் விழித்ததும், "சின்னவ எப்ப வர்றாளாம்?" என்றுதான் கேட்கிறாள். அடுத்த மாதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் அதை எழுதினேன். அம்மாடி, அடுத்த மாதம் வரை அவள் இருக்க மாட்டாள். இன்றே கிளம்பு. வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவளிடம் போய் உட்கார்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

மாமா