பெரிய ‘ற’ போட்ட பலகை

அன்பு மகள் நுரைக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் மாமா மூவரும் உடம்பளவில் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீ போனை எடுப்பதில்லை என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. போனில் நான் வேறு ஆள். எதிரில் ஒருவர் வாயைத் திறந்தாலே குறுக்கே புகுந்து விலையைக் குறைக்கப் பார்க்கிற வாய் இது. தொழிலில் அதுதான் சோறு போட்டது, வீட்டில் அதுவே சோற்றில் மண்ணைப் போடுகிறது. காகிதம் எதிர்த்துப் பேசாது, அதனால் நானும் கொஞ்சம் ஒழுங்காகப் பேசுவேன் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் பேச்சுக்குத்தான். கலவைக் கூடத்தில் ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருக்கிறேன். இரண்டு வரி எழுதினால் எழுந்து போய் மெஷினைப் பார்க்கத் தோன்றுகிறது, மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, திரும்பி வருகிறேன், பேனாவைக் காணோம். உன் அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன, சூடு பட்ட பூனை மாதிரி சுத்துற” என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படித்தான்.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். மருத்துவமனைக்காரர்கள் படுக்கை விரிப்பு வெளுக்க நம் பவுடரையே இந்த ஆண்டும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். புது சீல் மெஷின் வந்துவிட்டது, பொட்டலம் இனிமேல் வழியில் வாய் திறக்காது. அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் வண்டி ஓட்டும்போது மட்டும் வலிக்காதாம், வீட்டில் ஒரு வாளி தூக்கச் சொன்னால்தான் வலிக்குமாம். உன் புது வீட்டு முகவரியை நீ அவரிடம் மட்டும் சொல்லி என்னிடம் சொல்லக் கூடாது என்றிருக்கிறாய். அவரிடம் போய் ரகசியம் சொன்னாயே. அன்று சாயங்காலமே முகம் அகப்பட்ட திருடன் மாதிரி இருந்தது, நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, தானாகவே எடுத்து நீட்டிவிட்டார். அவரைத் திட்டாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. “அம்மா, நான் தனியா வீடு பார்த்துக்கிட்டு வந்துட்டேன், அவர் கெட்டவர் இல்ல, ஆனா அங்க எனக்கு நிக்க இடமே இல்லம்மா” என்றாய். நான் என்ன கேட்டேன்? யார் மேல் தப்பு என்று கேட்டேன். மாப்பிள்ளைக்கு ஏதாவது பழக்கம் உண்டா, நீ ஏதாவது வாய் விட்டாயா என்று கேட்டேன். கடைசியில், “நாலு பேர் கேட்டா நான் என்னடி சொல்றது” என்றும் கேட்டேன். நீ, “உனக்கு நாலு பேர்தான் முக்கியம்னா போய் அவங்களையே கேளு” என்று சொல்லி வைத்துவிட்டாய். சிரிக்காமல் கேள், நான் நிஜமாகவே போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

நாலு பேர் என்றால் அந்த நாலு பேர். நம் வீட்டில் ஓடி ஓடித் தேய்ந்த கேசட்டில் பாடிய நாலு பேர் பாட்டுக் குழு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கச்சேரிக்கு வருகிறார்கள், மூன்று பேர் மட்டும்தான் இப்போது பாடுகிறார்கள், இதுவே கடைசிச் சுற்று என்று மாமா எங்கிருந்தோ கேட்டு வந்து டிக்கெட்டும் எடுத்துவிட்டான். உன்னோடு பேசிய பிறகு போகிற மனநிலையே இல்லை. “வரலடா, நீ போ” என்றேன். அவன் விடவில்லை. “அக்கா, அப்ப டிக்கெட்டுக்குக் காசில்லாம சுவத்துக்கு வெளியில நின்னு கேட்டோம், இப்பவாவது உள்ள போய் மூஞ்சியப் பாப்போம், அவங்களுக்கும் வயசாகுது, நமக்கும் ஆகுது, யாரு முந்துறாங்கன்னு தெரியாது” என்றான். சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மைதானத்தில் வெயில் இறங்கவில்லை. வந்த கூட்டத்தைப் பார்த்தால் பாட்டுக் கச்சேரிக்கு வந்ததா மூட்டு வைத்தியரிடம் வந்ததா என்று சந்தேகம், பாதிப் பேர் கைத்தாங்கலாக வருகிறார்கள். மாமா தன் வாலிப காலத்துக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், நாற்காலியில் உட்கார்ந்ததும் வயிற்றுப் பக்கம் பொத்தான் தெறித்து முன்னால் இருந்த அம்மாளின் கொண்டையில் விழுந்தது. அந்த அம்மாள் திரும்பி முறைத்தார். இவன், “ஆரம்பமே அமர்க்களம்” என்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு மூன்று தடவை போன் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மேடைக்கு வந்தார்கள். பாடுகிறவர் ஒரு உயரமான முக்காலியில் உட்கார்ந்தேதான் பாடினார். குரல் மெலிந்துவிட்டது, ஆனால் பொய் இல்லாத குரல், முடியாத இடத்தில் முடிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, எட்டாத சுரம் வந்தால் கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டி நம்மையே பாட வைத்துவிட்டார். நல்ல வியாபாரி என்று நினைத்துக்கொண்டேன். தாளக்காரருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதாம், அதனால் அவர் மகள் டிரம் அடித்தாள், அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டைவிட்டு நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஓரிடத்தில் தாளத்தை இழுத்துவிட்டாள். அவருக்குத் தெரிந்துவிட்டது, முகம் கோணியது, மடியிலிருந்த விரல்கள் துடித்தன. வாயைத் திறக்கவில்லை. அவளாகவே அடுத்த சுற்றில் பிடித்துக்கொண்டாள். எப்படித்தான் அந்த மனுஷனால் முடிந்ததோ.

அப்புறம் நம் பாட்டு வந்தது. ‘கறையில்லை எனக்கு.’ உனக்கு நினைவிருக்கும். மாமா ஒரு நண்பன் வீட்டு ரேடியோ முன்னால் டேப்பை வைத்துப் பதிவு செய்தது. முதல் வரி முடிந்ததும் வாசலில் எவனோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பியிருக்கிறான், இரண்டாம் வரி முழுக்க வண்டிச் சத்தம்தான். அதனால் நம் வீட்டில் அந்தப் பாட்டு ‘கறையில்லை எனக்கு, டர்ர்ர்ர்’ என்றுதான் போகும். நீயும் பேசத் தொடங்கிய காலத்தில் உதட்டைத் துடிக்க வைத்து டர்ர்ர் என்பாய், எச்சில் தெறிக்கும். அதைப் பாடிக்கொண்டுதான் வாளியில் சோப்புக் கரைசலைக் கலக்கி லாண்டரி லாண்டரியாகத் தூக்கிப் போனேன். என் சரக்கு துணியை அரிக்கும் என்று ஒரு போட்டிக்காரன் தெருவெல்லாம் பரப்பியபோது அவன் கடை வாசலிலேயே நின்று வாய்விட்டுப் பாடினேன். ‘கறையில்லை’ என்ற அந்தச் சொல்லைத்தான் கடைக்குப் பெயராக வைத்தேன், பலகை எழுதுகிறவரிடம், பெரிய ‘ற’ போடுங்கள், பார்க்கிறவன் கண்ணில் குத்த வேண்டும் என்று சொல்லி எழுத வைத்தேன்.

கூட்டம் எல்லாம் சேர்ந்து பாடுவதற்காக மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் பாட்டு வரிகளை ஓட விட்டார்கள். ஆள் உயர எழுத்து. ‘கரையில்லை எனக்கு’ என்று இருந்தது. சின்ன ‘ர’. எனக்குச் சுருக்கென்றது. “பாருடா, இவ்வளவு செலவு பண்ணி மேடை போட்டவனுங்க எழுத்துப்பிழையோட போட்டிருக்கானுங்க” என்று மாமாவிடம் உரக்கவே சொன்னேன். கொண்டையில் பொத்தான் விழுந்த அம்மாள் திரும்பி, “பிழை இல்லீங்க, கடலுக்குப் போனவன் பாட்டு” என்றார். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது, அந்த மோட்டார் சைக்கிள் இத்தனை காலம் மறைத்து வைத்திருந்த வரி. ‘கையசைக்க எவரும் இல்லை.’

மாமா திரையைப் பார்க்கவில்லை, தன் பொத்தான் போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு உடனே புரிந்தது. “உனக்குத் தெரியுமாடா?” என்றேன். “தெரியும்க்கா” என்றான். “எப்பலேர்ந்து?” “நீ பலகை எழுதக் கொடுத்தியே, அதுக்கு முந்தியே.” “ஏன்டா பாவி சொல்லல?” என்றதற்கு, “நீ சோப்புக்காரி, உனக்குக் கரை எதுக்குக்கா, கறைதான வேணும். அதப் பாடிக்கிட்டுதான் ரெண்டு கையிலயும் வாளி தூக்கிட்டுப் போன. நடுவுல வந்து எழுத்தத் திருத்தியிருந்தா அந்த வாளிய என் தலையிலதான் கவுத்திருப்ப” என்றான். எல்லோரும் எழுந்து நின்று பாடுகிறார்கள், நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன். முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன. பேச்சில் இரண்டு எழுத்துக்கும் ஒரே ஓசை, காதுக்கு வித்தியாசம் தெரியாது. எந்தக் காது எதைத் தேடுகிறதோ அதுதான் விழும். நிற்க இடம் இல்லை என்று நீ கரையைச் சொன்னாய், யார் மேல் தப்பு என்று நான் கறையைக் கேட்டிருக்கிறேன்.

அதற்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. மாமாவிடம்கூடச் சொல்லாமல் எழுந்து வெளியே வந்து, ஜெனரேட்டர் வண்டி நிற்கிற இடத்தில் சுவரோரம் நின்று உனக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து பாட்டு கேட்கிறது, ஜெனரேட்டர் டர்ர்ர் என்கிறது, கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டே பழையபடி சுவருக்கு வெளியில் நிற்கிறேன். மாமா தேடிக்கொண்டு வந்து, “என்னக்கா, உள்ள அழுதா யாரு கேக்கப் போறா, எல்லாரும் அழுதுட்டுதான இருக்காங்க” என்றான். நான் அழவில்லை, அவனுக்குக் கண் சரியில்லை.

மறுநாள் காலையில் ஏணியைப் போட்டு ஏறிப் பலகையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, “மாத்தணுமா?” என்றார். வேண்டாம் என்றேன். சரக்குக்கு அந்த எழுத்துதான் சரி, துணி வெளுக்கிறது, பெயர் நிலைத்திருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை நீயே ஆயிரம் தடவை என் வாயால் கேட்டிருப்பாய். எந்தத் துணி வந்தாலும் கறையைக் கண்டதும் சுடுதண்ணீரை ஊற்றக் கூடாது, முட்டைக் கறை, இரத்தக் கறை எல்லாம் சூடு பட்டால் நூலோடு நூலாகப் பிடித்துக்கொள்ளும். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் நாள் அதைத்தான் சொல்லித் தருகிறேன். போனில் உன்மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றியதும் நான்தான். அதுவும் கறையே இல்லாத துணியில்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நான் அங்கே வருகிறேன். வராதே என்பாய் என்று தெரியும், அதனால்தான் வரட்டுமா என்று கேட்கவில்லை, வருகிறேன் என்று சொல்கிறேன். போன முறை வாங்கிய விசா இன்னும் செல்லும். கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்து, நீ என்னை ஒரு வாரம் ஆசை தீரத் திட்ட அவகாசம் விட்டுத்தான் டிக்கெட் போட்டிருக்கிறேன், விமானம், தேதி எல்லாம் அப்பா தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறார். உன்னைச் சேர்த்துவைக்க வரவில்லை, பிரித்துவைக்கவும் வரவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று நீயாகச் சொன்னால் பார்ப்பேன், இல்லாவிட்டால் அவர் இருக்கும் தெருப் பக்கம்கூடப் போக மாட்டேன். வாயைத் திறக்காமல் இருப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது, அது கலப்படச் சரக்கு, நான் விற்பதில்லை. அந்தத் தாளக்காரர் மாதிரி பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். முகம் கோணினால் நீ கண்டுகொள்ளாதே. புது வீட்டில் நாற்காலி இருக்கிறதா? இல்லையென்றால் வாளியைக் கவிழ்த்துப் போடு, எனக்கு அதில்தான் உட்கார்ந்து பழக்கம்.

கடையை அப்பாவும் மாமாவும் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பித்தான் ஆக வேண்டும். அப்பாவிடம் யாராவது விலை குறைத்துக் கேட்டால் கூச்சப்பட்டுச் சிரித்துவிடுவார், சிரித்தால் குறைத்துவிட்டார் என்று அர்த்தம். மாமா பாடுவான். திரும்பி வரும்போது கடை இருந்தால் சந்தோஷம். ஊரில் யாராவது எங்கே உங்கள் அம்மணி என்று கேட்டால், பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறாள், அவளும் நலம் என்று சொல்லும்படி சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் கேட்கிறவர்களுக்கு அரைக் கிலோ பவுடர் பொட்டலம் ஒன்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடும்படியும் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். புது இடத்தில் பூட்டை மாற்றிக்கொள், பழைய குடித்தனக்காரரிடம் சாவி இருக்கும். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. எந்த மண்ணில் கால் வைத்தாலும் அங்கே உனக்கு நிற்க இடம் வாய்க்க வேண்டும், நன்றாக இரு, நீண்ட நாள் இரு. போனை எடுக்க மனம் இல்லையென்றால் எடுக்க வேண்டாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் வருகிற அன்று விமான நிலைய வாசலுக்கு வந்துவிடு. எனக்குத் தூரத்துப் பார்வை மட்டமாகிவிட்டது, கூட்டத்தில் யார் யார் என்று தெரியாது. நல்ல வெளிச்சமான இடமாகப் பார்த்து நின்று, கையைத் தூக்கி ஆட்டு. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிகிறவரைக்கும் ஆட்டிக்கொண்டே இரு.

உன்
அம்மா