வராத எதிராளி

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா என்று கேட்க மாட்டேன். நேற்று வந்த உன் சதுரங்கக் கழகக் கடிதத்தின் தோரணையே சொல்லிவிட்டது. "ஆண்டுப் போட்டிக்கான தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் நான்கு ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும்." கீழே பதிவுச் செயலாளர் என்று உன் கையெழுத்து. கூடப்பிறந்தவளுக்குத் 'திருமதி' போட்ட ஒரே ஆள் நீதான்.

நான்கு ஆடியிருக்கிறேனே! வெளியாட்களோடு மூன்று. நாலாவது உன்னோடு. உனக்குக் காய்ச்சல், நீ வரவில்லை, புள்ளி எனக்கு. பட்டியலில் இருக்கிறதா இல்லையா? கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துக் காயைத் தொட்டிருக்கிறேன். பல் செட் செய்யும் எங்கள் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அச்சு மாவு குழைத்து, இந்தப் போட்டிக்கென்றே நாலு நாள் லீவு சேர்த்திருக்கிறேன். கொஞ்சம் மனசு வையேன்.

உன் தங்கை

ஜூன் 8

அன்புத் தங்கைக்கு,

மனசு வைக்க விதியில் இடமில்லை. எதிராளி வராவிட்டால் புள்ளி உண்டு. ஆட்டம் ஆடியதாக ஆகாது. இருவரும் உட்கார்ந்து ஆளுக்கொரு காயாவது நகர்த்தியிருக்க வேண்டும். போன வாரம் ஒரு டாக்டரையும் இதற்காகவே திருப்பி அனுப்பினேன். கோபித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

ஜூன் 11

தங்கைக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை.

அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. ஆட்டப் பட்டியலில் நம் இருவர் பெயரும் எதிரெதிரே வந்ததைப் பார்த்ததும் எனக்கு மனசு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறாள், நானே போய்த் தோற்கடிப்பதா என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் மார்ச்சில் இந்த விதியைக் கமிட்டியில் கொண்டுவந்ததும் நான்தான். அப்போதும் உன் நினைப்பு வரவில்லை. என்னை என்ன சொல்ல!

இத்துடன் ஓர் ஆட்டத்தாள் இருக்கிறது. நாம் ஆடியதாக இருபது நகர்த்தல் எழுதி, நான் தோற்றதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நீயும் போட்டு அனுப்பு, பட்டியலைத் திருத்திவிடுகிறேன். இந்த நாற்காலிக்கு வந்து இருபத்தாறு வருஷத்தில் இப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை.

அண்ணன்

ஜூன் 16

அண்ணா,

தாளைப் பார்த்தேன். பதினோராவது நகர்த்தலில் என் ராணியை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய்? பொய்யாட்டத்திலாவது என்னை ஒழுங்காக ஆட விட்டிருக்கக்கூடாதா? அழுதுகொண்டே சிரித்தேன். அப்புறம் கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்காக நீ உன் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

போட்டி போனது வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாலாவது ஆட்டத்துக்காக மூன்று வாரம் தயார் செய்திருந்தேன். உன் காலி நாற்காலியைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு என்னவோ ஏதோ என்று பதறியதில், ஜெயித்த சந்தோஷம்கூட இல்லை. நான் தோற்றுத்தான் போவேன் என்று நீயே முடிவு கட்டிவிட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த வருஷம் நான்கும் ஆடிவிட்டு விண்ணப்பிக்கிறேன். இந்த லீவை மாற்றி வாங்கிவிட்டேன். உன் போட்டி முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு உன் வீட்டில் இருப்பேன். பலகையை எடுத்து வை. அண்ணி கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். வெள்ளைக் காய் எனக்கு.

நிஜமாகவே காய்ச்சல் வந்தாலும் சரி, போர்த்திக்கொண்டு வந்து எதிரே உட்கார்.

உன் தங்கை