எண்ணெய் கேனில் நின்ற காலர்

மார்ச் 3

காலைச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: வீட்டுக்காரர், மகள், கொழுந்தனார், கொழுந்தனாரின் மனைவி சின்னவள், நான். பள்ளி நாடகத்தில் மகள் ராணியாம். தலைக்குப் பின்னால் விசிறியாக நிற்கும் காலர் வேண்டுமாம். "அது தொங்கிச்சுன்னா நான் மேடைக்கே போகமாட்டேன்மா." கடவுளே, துணி நிற்க ஒரு வழி காட்டு.

மார்ச் 5

காட்டிவிட்டார், காலி பிளாஸ்டிக் எண்ணெய் கேனில்! சோப்புப் போட்டுக் கழுவி, பக்கத்தை விசிறியாக வெட்டி, இரண்டு சாட்டின் துணிக்கு நடுவே வைத்துத் தைத்தேன். செலவு: நூல், உடைந்த ஊசி ஒன்று. சின்னவள் தடவித் தடவிப் பார்த்தாள். "எப்படிக்கா விறைப்பா நிக்குது?"

"தொழில் ரகசியம்டி."

குப்பையைத் தைத்தேன் என்று சொல்ல வெட்கம்.

மார்ச் 9

நாளை நாடகம். பிரார்த்தனை முடிந்து வந்தால் சின்னவள் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறாள். சுருக்கம் எடுக்கிறாளாம். காலர் உருகிச் சுருண்டு, புகை நாற்றம்.

"அக்கா, நான்... அழகா இருக்கட்டும்னுதான்..."

"உன்கிட்ட வந்தது எதுதான் தங்கியிருக்கு?"

ஐயோ. போன மாதம்தானே அவளுக்குக் கரு கலைந்தது. நான் அதை நினைத்துச் சொல்லவில்லை — சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்புவேனா? அவள் பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 10

ஐஸ்கிரீம் டப்பா மூடிகளை வெட்டி வேறு காலர் தைத்தேன். நின்றது. கைதட்டல். திரை விழுந்ததும் மகள் கேட்டது: "சித்தி ஏன் வரல?"

மார்ச் 11

சின்னவள் போன் எடுக்கவில்லை.

கொழுந்தனாரை அனுப்பலாமா என்றேன். வீட்டுக்காரர் சொன்னார்: "வாயை விட்டது நீ. தம்பியை அனுப்பிக் கூப்பிட்டா ஆச்சா?"

பிரார்த்தனையில் வார்த்தை வரவில்லை. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள் என்றே தோன்றுகிறது.

மார்ச் 13

அவளுக்கு அனுப்பிய செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'காலருக்குள்ள எண்ணெய் கேன் துண்டு இருந்துச்சு. குப்பைன்னு எல்லாரும் சிரிப்பீங்களோன்னு மறைச்சேன். இஸ்திரி போட்டது உன் தப்பே இல்லை. ஆனா நான் சொன்ன சொல்லுக்கு எந்தச் சாக்கும் கிடையாது. பெத்தவ நான், அந்த வாயால அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுடும்மா. ஞாயிற்றுக்கிழமை நானே அங்க வந்து உன் முன்னால உட்காரணும்னு இருக்கேன். வரலாமா, வேண்டாமா? எதுவானாலும் சரி, சீக்கிரம் பதில் போடு.'