வெல்லம் கடித்துக் குடித்த டீ

1954 மார்ச் 3

காசிமேட்டில் வஞ்சிரம் மலிவு. குழம்பு நன்றாக அமைந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். போலீஸ் ஏட்டிடம் பாராட்டு வாங்குவது, திருடனிடம் வாக்குமூலம் வாங்குவதைவிடக் கஷ்டம்.

தம்பி செல்வத்தின் போக்குதான் பிடிபடவில்லை. வலைக்குப் போவதில்லை. வேட்டியை விட்டுக் கைலிக்கு மாறிவிட்டான். டீயில் பாலும் வேண்டாமாம், சர்க்கரையும் வேண்டாமாம். அச்சு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு வெறும் டீ குடிக்கிறான். ஏன்டா என்றால், "இன்னாக்கா, இத்தகூடவா கேப்பே?" என்கிறான்.

மார்ச் 9

கள்ளத்தோணியில் இலங்கைக்கு ஆள் ஏற்றும் கும்பலைத் தேடி அங்கிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார். இன்னாசித்தம்பி, யாழ்ப்பாணத்துக்காரர். இனி இரண்டு நாட்டுப் போலீசும் சேர்ந்தே தேடுமாம். அவருக்குத் துணை என் வீட்டுக்காரர். நாளை மறுநாள் இங்கே சாப்பாடு.

மார்ச் 11



சாப்பாடு முடிந்து டீ கொடுத்தேன். செல்வம் வழக்கம்போல வெல்லத்தைக் கடித்தான். இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, உந்த வெல்லம் கடிக்கிறதை உமக்குப் பழக்கினது வரதன்தானே?"

செல்வம் மிச்ச வெல்லத்தைக் கைக்குள் மறைத்தான்.

"எங்கட சனம் கடிக்கிறது பனங்கட்டி, உங்கட கருப்பட்டி. எங்கட ஆக்கள் மாதிரித் தெரியவேணுமெண்டு, தோணியில வரதன் அனுப்புற ஆக்கள்தான் இந்த வெல்லத்தைக் கடிப்பினம். கரையேறின உடனே தேத்தண்ணிக் கடையிலயே பிடிபட்டிடுவினம். எல்லாரும் அவன்ர பேரைச் சொல்லுகினம். அவன் இருக்கிற இடம்தான் தெரியேல்லை."

"பிடிபட்டா?" என்று நான்தான் கேட்டேன்.

"சிறைதான், அம்மா. அதுவும் கரை சேர்ந்தவைக்கு. மிச்சப் பேரைக் கடல் கொண்டுபோயிடும்."

அழுதுவிட்டேன். என்னிடம்கூடச் சொல்லாமல் போயிருப்பானா? கூடப் பிறந்தவள் எதுக்குடா இருக்கேன்?  கடைசியில் செல்வமே என் வீட்டுக்காரரைப் பார்த்து வாய் திறந்தான்.

"எண்ணூர்ல உப்பளத்தாண்ட ஒரு கொட்டாய்ல கீறான் மாமா. நாளைக்கு தோணி. நம்ம குப்பத்துப் பசங்களும் கீறானுங்கோ."

மார்ச் 12

வரதன் அகப்பட்டான். குப்பத்துப் பையன்கள் எல்லாரும் அவரவர் வீட்டில். கும்பிடாத சாமி இல்லை இன்று.

மார்ச் 20

இன்ஸ்பெக்டர் ஊருக்குக் கிளம்பினார். எழும்பூர் வரை போய் வழியனுப்புகிறேன் என்று செல்வமும் கூடப் போயிருக்கிறான். வரதன் போனான், சரி. இவனுடைய இலங்கை ஆசை போனதா? அந்த ரயில் தனுஷ்கோடிக்குப் போகிறது, அதற்கு அப்பால் கப்பல். எழுதிக்கொண்டிருந்தால் வாசலைப் பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. சோறு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

மார்ச் 21

விடிவதற்குள் அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். நான் வெல்லத்தை எடுத்து வைத்தேன்.

"அத்த உள்ள வை. பாலு ஊத்து, சக்கர நெறைய போடு. வலைக்கு நேரமாவுதுக்கா."

கரண்டி கரண்டியாகப் போட்டேன்.