மாடிக்கு மாடி ஒரு கறிவேப்பிலை

தலைக்குக் குளித்த பிறகும் முடியில் டீசல் புகை வாசம் போகவில்லை. காலையில் நம் சந்தில் கொசுமருந்துப் புகை அடித்தார்கள். வார்டு ஆபீசுக்கு நடையாக நடந்து அவர்களை வரவழைத்தவர் உன் அம்மா.

நீ இருந்தபோது பக்கத்துச் சந்தில் இந்த வாசம் எழுந்தாலே செருப்புகூட மாட்டாமல் ஓடுவாய். மெஷினைத் தோளில் தொங்கவிட்டவரை வழிமறித்து, "அண்ணா, கொசு பொறக்கறது தண்ணியில. காத்துக்கு மருந்து அடிச்சா எப்படி?" என்பாய். பிறகு வீடு வீடாக ஏறித் தண்ணீர் டிரம்களின் மூடிகளைப் பார்ப்பாய். அப்படியே கறிவேப்பிலைத் தொட்டிகளையும்.

அந்தத் தொட்டிகள்தான் நீ போட்ட பாதை. ஒரு பக்கம் பூங்கா, மறுபக்கம் ரயில் பாதையோரப் புதர். நடுவில் நம் ஸ்ரீராம்புரத்தின் தகரமும் கான்கிரீட்டும். கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளிகளை வரிசையாக வைத்த அந்த வண்ணத்துப்பூச்சி பூங்காவுக்குள்ளேயே அடைபட்டு ஒருநாள் அற்றுப்போகும் என்று பயந்தாய். மாடிக்கு மாடி ஒரு கறிவேப்பிலை இருந்தால் அதில் முட்டையிட்டு, அதில் பிறந்தவை அடுத்த மாடியில் முட்டையிட்டு, எப்படியும் அந்தப் பக்கம் சேர்ந்துவிடும் என்றாய். புதிதாக எதையும் நடச் சொல்லவில்லை. செடி ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் இருந்தது. "நுனிய அதுக்கு விடுங்க, அடியில நீங்க கிள்ளிக்கோங்க." இவ்வளவுதான் கேட்டாய். புழுவைக் கண்டதும் பிடுங்கி எறிந்தவர்கள் மெல்ல விட்டுவைத்தார்கள். உன் அம்மாதான் மாடிப்படியில் நின்று புலம்புவார்: "பூச்சிக்கெல்லாம் விருந்து. எனக்கு ரசத்துக்கு ஒரு இணுக்கு இல்ல."

போன மழைக்காலத்தில் டெங்கு உன்னைக் கொண்டுபோனது. எந்தத் தண்ணீரில் பிறந்த கொசு என்று யாருக்கும் தெரியாது. "புகை அடிக்க விடாம நின்னாளே, பாவம்" என்று சந்தில் ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

இன்று மெஷின் தெருமுனையில் உறுமியபோது என் மாடித் தொட்டிகளில் கூட்டுப்புழுக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் கீழே ஓடினேன். மெஷின்காரர் அண்ணாந்து பார்த்து, கன்னடம் கலந்த தமிழில், "மேலயும் அடிக்கணுமா, பேடவா, வேணாமா?" என்றார். உன் அம்மா எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

"சொல்லு கண்ணு. வேணாம்னு சொல்லப்போறியா?"

நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"அடிங்கண்ணா. அஞ்சு நிமிஷம் மட்டும் குடுங்க."

"பேகம்மா, சீக்கிரம். இன்னும் எத்தினி சந்து கெடக்குது."

மேலே ஓடித் தொட்டிகளை அறைக்குள் இழுத்தேன். ஒரு கூடு கதவில் உரசியது, ஆனால் விழவில்லை. எட்டிப் பார்த்தபோது எதிர்வாசலில் உன் அம்மா இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தப்போகையில் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். இடுப்பில் உன் பெயின்ட் டப்பா, அதில் உன் செடி.

"இதுலயும் ஒண்ணு தொங்குது. எங்க வீட்டுத் தகரக் கதவுல புகை பூந்துடும்."

கதவுக்கடியில் ஈரத்துணியைத் திணித்தேன். அது நகராமல் அவர் காலால் அழுத்திக்கொண்டார். ஜன்னல் வெள்ளையாகிப்போனது. நான் மற்ற மாடிகளை நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் தொட்டியை உள்ளே எடுத்திருக்க மாட்டார்கள்.

"இது பூச்சியா வந்தா அடுத்து எங்க போய் உக்காரும்?"

"தெரியல ஆன்ட்டி."

இருமிவிட்டுத் துணியை இன்னும் கொஞ்சம் காலால் தள்ளினார். பிறகு, "அவ இருந்தா இன்னிக்கு சண்ட போட்டிருப்பா. உன்னோட இல்ல, என்னோட" என்றார்.

புகை அடங்கியதும் கிளம்பினார். செடியை எடுத்துப்போகவில்லை. போகிறபோக்கில், சமையலுக்காக, அதிலிருந்து ஒரு இணுக்கு கிள்ளினார். கை நுனிக்குப் போகவில்லை. நேராக அடிக்குப் போனது.

உன் பெயின்ட் டப்பா இப்போது என் கட்டிலருகே இருக்கிறது. கூட்டின் தோல் வழியே கறுப்பு தெரியத் தொடங்கிவிட்டது. நாளை ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும். அதற்குமுன் மாடி மாடியாக ஏறப்போகிறேன். முதலில் டிரம் மூடிகள். பிறகு, எந்தச் செடியில் என்ன மிச்சமிருக்கிறது என்று.