ஊழியர் செயலி என் தங்கையின் இருப்பிடத்தை அவள் கணவனுக்குச் சொல்லிவருவது குறித்து

அனுப்புநர்:
மூன்றாம் வரிசைத் தட்டச்சு ஊழியர்,
மருத்துவக் காப்பீட்டு ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் தனியார் நிறுவனம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம்.

பொருள்: பணியிடத் தகவல் பாதுகாப்பு விதிகளைக் கொண்டு ஊழியர் செயலியையும் சோதிக்கவும், என் தங்கையின் பதிவிலுள்ள ஒரு கைபேசி எண்ணை இன்றே நீக்கவும் உத்தரவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் தங்கையும் மேற்படி நிறுவனத்தில் அடுத்தடுத்த நாற்காலிகளில் வேலை செய்கிறோம். தகவல் பாதுகாப்பு என்றால் எங்கள் கூடத்தில் உயிர். கைபேசியை வெளியே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பேனா கூடாது. வாசலில் உதட்டுச்சாயத்தைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். யாரோ ஒருவருடைய ரத்த அழுத்தம் வெளியே போய்விடக் கூடாதே என்று இத்தனை பாடு. அதில் எனக்குக் குறையில்லை.

2. கணவனிடம் அடி தாங்காமல் தங்கை இந்த ஆண்டு வீட்டைவிட்டு வந்தாள். என் வீடு அவனுக்குத் தெரியும் என்பதால் வேறு பகுதியில் தனி அறை எடுத்துக் கொடுத்தேன். அம்மாவிடம்கூட விலாசம் சொல்லவில்லை. மனசு இளகி மாப்பிள்ளையிடம் உளறிவிடுவாள்.

3. அந்தச் சமயத்தில்தான் நிறுவனம் வண்டி, விடுப்பு இரண்டையும் கவனிக்கும் செயலி ஒன்றை எல்லாக் கணினியிலும் ஏற்றியது. மாலைப் பணி முடிந்து நிறுவன வண்டியில் போகும் பெண் எங்கே இறங்கினாள் என்று வரைபடத்தோடு அவள் வீட்டாருக்கு அது செய்தி அனுப்பும். பெண்கள் பாதுகாப்புக்காம். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த வீட்டார் எண்ணைச் செயலி தானே எடுத்துக்கொண்டது. தங்கைக்கு அது கணவன் எண்.

4. எண்ணை மாற்றப் போனால், பழைய எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போடு என்றது செயலி. யாருக்குப் பயந்து ஒளிகிறாளோ அவனிடமே போய் அனுமதி கேட்க வேண்டும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது. நிறுவனத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரியிடம் இருவரும் போனோம். உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினார். “நம்ம செக்யூரிட்டி பாலிசி கஸ்டமர் டேட்டாவுக்குத்தாம்மா. இந்த ஆப்ல கஸ்டமர் பேரே இல்ல, அதனால நாங்க செக் பண்ணல” என்றார். வண்டிப் பிரிவிலோ, “ஆப்பை நாங்க தொட முடியாது, அந்த ஆபீசர்தான் சொல்லணும்” என்றார்கள். பந்தாடினார்கள். வண்டியே வேண்டாம், நடந்து போகிறேன் என்றாள் தங்கை. மாலைப் பணிப் பெண்கள் நிறுவன வண்டியில்தான் போக வேண்டும் என்ற விதி அதற்கும் இடம் தரவில்லை. தெருமுனையிலேயே இறங்கப் பார்த்தாள். “வாசல்ல விட்டாத்தான் எனக்கு டிரிப் முடியும்மா” என்று ஓட்டுநர் வாசலிலேயே விட்டார்.

5. போன செவ்வாய்க்கிழமை அவன் அந்த வாசலில் நின்றிருந்தான். தங்கைக்குத் தலையில் தையல். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அவன் இன்னும் பிடிபடவில்லை.

நிறுவனத்தார் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். எண்ணை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். முன்பின் தெரியாதவர்களின் சர்க்கரை அளவைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவள் அவள். அவள் தூங்கும் இடத்தைக் காக்க ஒரு விதி இல்லை.

6. இன்று காலை எங்கள் மேற்பார்வையாளர் அழைத்தார். எங்கள்மீது பாசமுள்ளவர், சம்பளம் பிடித்துவிடக் கூடாதே என்று அவராகவே தங்கைக்கு மருத்துவ விடுப்பு போட்டிருக்கிறார். “ஆஸ்பத்திரி பேரு, வார்டு எல்லாம் ஆப்ல கரெக்டா ஏத்திட்டேம்மா. வீட்டுக்கும் மெசேஜ் போயிடுச்சு, நீ கவலைப்படாத” என்றார்.

7. ஆகவே, அந்த எண்ணை இன்றே நீக்கச் சொல்லுங்கள். ஊழியர் விவரம் ஏறும் ஒவ்வொரு செயலியையும் அதே விதிகளைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள். அது நாளைக்கு நடந்தாலும் போதும். எண் மட்டும் இன்றே.

நேரில் வந்து தராததற்குப் பொறுத்தருள வேண்டும். கதவுக்கும் அவள் கட்டிலுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து வர முடியாது.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: பொது மருத்துவமனை, பெண்கள் எலும்பு முறிவு வார்டு

இப்படிக்கு,
(கையொப்பம்)
நோயாளியின் அக்கா