ஆறு கோழிக்கு மேல் கூடாது

1954 செப்டம்பர் 17, வெள்ளி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்று பஞ்சாயத்துப் பியூன் சத்தியதாஸ் ஒரு கடுதாசி கொண்டுவந்தான். முழுக்க மலையாளம். நான் அதை வாங்கி, வரி வரியாக விரலை ஓட்டி, தலையை ஆட்டி, "எழுத்து நல்ல எழுத்தாக்கும்" என்று வேறு சொன்னேன். மலையாளத்தில் சண்டை போடச் சொன்னால் அந்திவரை போடுவேன். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. மூன்றாம் வகுப்புத் தமிழோடு என் படிப்பு தீர்ந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

போன பிறகுதான் பயம் வந்தது. அந்தத் தாளில் எனக்குப் புரிந்தது இலக்கம் மட்டும். 24-9. அன்றைக்கு என்ன? ராஜனைப் பிடிக்க வருகிறார்களோ?

தம்பி ராஜன் ஒரு மாதமாக என் அடுக்களை மச்சில் ஒளிந்திருக்கிறான். மார்த்தாண்டத்தில் போலீஸ் சுட்ட அன்று, தமிழ்த் தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிக்கச் சொல்லிக் கொடி பிடித்துப் போன கூட்டத்தில் அவனும் உண்டு. பாறசாலையில் அவன் தையல்கடையில் வந்து இரண்டு முறை தேடிவிட்டார்கள். அவனுக்கு மலையாளம் நன்றாக வாசிக்கத் தெரியும். ஏணியில் ஏறித் தாளை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேருகிற நாள்வரை அந்த எழுத்தை வாசிப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறானாம்.

"எலே, ஒனக்க பேரு அதுல உண்டுமான்னு மட்டும் பாரு. பாக்கி நான் பாத்துக்கிடுதேன்."

"அந்த எழுத்துல எழுதினா அது எனக்க பேரு இல்ல, அக்கா."

முப்பத்தாறு வயது. மீசை வேறு. ஏணியில் நிற்கிறேனே என்று பார்த்தேன், இல்லாவிட்டால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன்.

செப்டம்பர் 18, சனி

காலையில் ராஜன் மச்சிலிருந்து உத்தரவு போட்டான். கடுதாசியைத் திருப்பிக் கொடு, தமிழில் எழுதிக் கொண்டுவரச் சொல்லு, அது நம் உரிமை. நானும் பெரிய தலைவிபோலப் போனேன். என் புத்தியை எங்கே வைத்திருந்தேன்?

சத்தியதாஸ் ஆபீஸ் வாசலில் நின்றான். "நேத்து நல்ல எழுத்துன்னு சொன்னிய, அக்கா. ஒரு ராத்திரியில எழுத்து கெட்டுப்போச்சா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பிறகு சிரிப்பு போயிற்று. உள்ளே கொண்டுபோய்க் காட்டினான். யாரோ சிவப்புப் பென்சிலால் அடியில் இரண்டு வரி எழுதி, தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

வரும் வழியில்தான் உறைத்தது. இந்த நாளில் தமிழில் கடுதாசி கேட்கிறவர்கள் யார்? போராட்டக்காரர்கள். ஆள் ஒளிந்திருக்கிற வீட்டை நானே விரல் நீட்டிக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். உதியன்குளங்கரை முக்கில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று சொல்லிக்கொண்டேன். வெயிலே இல்லை.

செப்டம்பர் 20, திங்கள்

ஒரு போலீஸ்காரன் நம் வேலியருகே நின்றான். கோழிகளைப் பார்த்தான். எண்ணியதுபோலவும் இருந்தது. போய்விட்டான்.

பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மிணியிடம் போனேன். ஆகஸ்ட் மாதத்திலிருந்து நாங்கள் பேசுவதில்லை. அவள் புருஷன் சோமன், கொடி பிடித்தவனையெல்லாம் உள்ளே போட வேண்டும் என்று டீக்கடையில் சொன்னான் என்று கேள்விப்பட்டதிலிருந்து. அவர்கள் மலையாளம் பேசுகிறவர்கள். அம்மிணி கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள்.

"சேச்சி, இது கோழிக்காரியமாக்கும்."

கோழி. மூன்று நாள் நான் சாகாமல் செத்தது கோழிக்கா? வீடுகள் நெருங்கி இருக்கிற இடத்தில் புதுச் சட்டமாம். ஒரு வீட்டுக்கு ஆறு கோழிக்கு மேல் கூடாது. கூடு அயல்வீட்டுக் கிணற்றிலிருந்து இருபது அடி தள்ளி இருக்க வேண்டும். யாரோ என்மேல் புகார் கொடுத்திருக்கிறார்களாம், 24ஆம் தேதி ஆபீசர் வந்து அளப்பார்.

மூச்சு விட்டேன். ஒரே ஒரு மூச்சு. பிறகு அவள் சிவப்பு வரியை வாசித்தாள். கடுதாசி வாங்க மறுத்த ஆள், அதனால் போலீஸ்காரனும் கூட வருவான்.

"பராதி கொடுத்தது யாரு, அம்மிணி?"

அவள் தரையைப் பார்த்தாள். "எங்க வீட்டிலெ உள்ள ஆளு. சேச்சிக்க கோழி எங்க இஞ்சி முழுக்க கிளறிப் போட்டுதுல்லா."

கிளறியது உண்மைதான்.

செப்டம்பர் 22, புதன்

கோழி பதினொன்று இருந்தது. மூன்றை விற்றேன், இரண்டை அறுத்தேன். அடுத்தடுத்து இரண்டு நாள் கோழிக்கறி. விதவை ஒருத்தி தனியாக இருக்கிற வீட்டில் இந்த மணம் அடித்தால் ஊர் என்ன நினைக்கும் என்று சட்டி கொதித்த பிறகுதான் யோசிக்கிறேன்.

அம்மிணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். "ஒரு ஆளுக்கு ரெண்டு கோழியா, சேச்சி?"

"நாக்குக் கொதிக்கு வயசு உண்டுமா, பெண்ணே?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் தலைக்கு மேலே, அடுக்களைக் கூரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்குத் தெரியும். சோமனிடம் சொல்லுவாளா? சொன்னால்? — ராஜனிடம் சொன்னேன். இன்றைக்கே போய்விடுகிறேன் என்று இறங்கப் பார்த்தான். பாலத்துக்குப் பாலம் போலீஸ் நிற்கிறது, எங்கே போவாய் மக்கா என்று ஏணியை எடுத்து அப்பால் வைத்தேன்.

செப்டம்பர் 23, வியாழன்

நாளைக்கு அளக்க வருகிறார்கள்.

கூட்டை நகர்த்த வேண்டும். பலாமரச் சட்டம், இரண்டு ஆள் கனம். நான் ஒருத்தி தள்ளினேன், அசையவில்லை. உள்ளே இருந்த ஒருவனால் முடியும், அவனால் வெளியே வர முடியாது. அப்போது வேலியைத் தாண்டிச் சோமன் வந்தான். மேலே பார்ப்பான், கேட்பான், தீர்ந்தது என்று நினைத்தேன்.

அவன் கூட்டின் ஒரு முனையைப் பிடித்தான். "பிடியுங்கோ" என்றான். பிடித்தேன். அடி அடியாக நகர்த்தினோம். பாதி வழியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நாளைக்குக் காலத்தெ நான் ஒங்க மச்சுக்கு மேல ஓடு மாத்தப் போறேன். மழையில ஒழுகுதுன்னு நீங்க கூப்பிட்டதாட்டு சொல்லணும். மச்சில அனக்கம் கேட்டா அது நானாக்கும்."

புகார் கொடுத்தவனே இதைச் சொல்லுவானா என்று அவனையே பார்த்தேன்.

"கோழியாக்கும் எனக்குச் சத்துரு," என்றான். "எனக்க கல்யாணச் சட்டை அவன் தச்சது."

செப்டம்பர் 24, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

ஆபீசரும் சத்தியதாஸும் நாடாவைப் பிடித்து அளந்தார்கள். இருபத்தோரு அடி. கோழி ஆறு. போலீஸ்காரன் அளவைப் பார்க்கவில்லை. நேரே அடுக்களைக்குள் வந்தான். ஏணி மச்சில் சாத்தியிருந்தது. மேலே ஓடு உரசுகிற சத்தம். அதற்கு நடுவில், இன்னொரு சத்தம். பலகை முனகியது. எனக்குத் தெரியும், அது ராஜன் கால் மாற்றுகிற சத்தம்.

"ஆரா மேலெ?"

"ஞானா சாரே, சோமன். ஓடு மாத்துகயா." கூரையில் எடுத்த ஓட்டின் இடைவெளியில் அவன் முகம் தெரிந்தது.

"பராதி கொடுத்தது நீயல்லே? அவளுக்கு ஓடும் மாத்திக் கொடுக்குமோ?"

"கோழி வேறெ, மழை வேறெ, சாரே."

போலீஸ்காரன் ஏணியின் முதல் படியில் காலை வைத்தான். சோமன் மேலிருந்து, "அந்தப் படி உளுத்தது, சாரே, நான் இப்பம் விழப் பாத்தேன்" என்றான். படி உளுக்கவில்லை. கால் கீழே இறங்கியது. அந்தக் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பூட்சில் கோழிப்பீ ஒட்டியிருந்தது. சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

அவர்கள் போன பிறகு சோமன், ராஜன், நான் மூன்று பேரும் பால் விடாத கட்டன்சாயா குடித்தோம்.

செப்டம்பர் 27, திங்கள்

ராஜன் போய்விட்டான். சோமன் தேங்காய் வண்டியில், சாக்குகளுக்கு நடுவில் மறைத்துக் கூட்டிக்கொண்டு போனான். நான் வாசலுக்குப் போகவில்லை. அழுதால் ஊர் கேட்கும்.

செப்டம்பர் 30, வியாழன்

ஒரு தகவலும் இல்லை. யார் வேலியருகே நின்றாலும் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன். இன்று நின்றது ஒரு ஆடு.

அக்டோபர் 5, செவ்வாய்

சோமனின் மச்சான் எல்லைக்கு அப்பால், மதராஸ் பக்கத்துப் பணகுடிக்குப் போய் வந்தான். ராஜன் அங்கே ஒரு தையல்கடையில் மெஷின் மிதிக்கிறானாம். கூடு இல்லாத கோழிபோல மெலிந்திருக்கிறான், ஆனால் தெருவில் நடக்கிறான் என்றான். மச்சைப் பெருக்கினேன். பாயைக் கழுவி வெயிலில் போட்டேன்.

இன்று சத்தியதாஸ் ஆறு கோழிக்கு அனுமதிச் சீட்டு கொண்டுவந்தான். சட்டப்படி அதைக் கூட்டிலேயே ஒட்டி வைக்க வேண்டுமாம். கஞ்சிப்பசை தடவி, கதவின் மேல் நன்றாக அழுத்தி ஒட்டினேன். அடுக்களைக்குப் போய்த் திரும்புவதற்குள் கோழிகள் பசையைக் கொத்தித் தின்றுவிட்டன. சீட்டையும் சேர்த்து. முத்திரை இருந்த மூலை மட்டும் மிச்சம் இருக்கிறது.